கேம் பாய் தந்தவர், வர்ச்சுவல் பாயில் தோற்றவர்

உங்க கேம்பேடை எடுத்து இடது பக்கம் பாருங்க. பிளஸ் வடிவத்துல ஒரு பட்டன் இருக்கும். 1982-ல், கையடக்க டாங்கி காங் கேமுக்காக அதை வடிவமைத்தவர் நின்டெண்டோவின் கன்பெய் யோகோய். இவர் பேர் நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களுக்கும் வர்ச்சுவல் பாய் என்ற ஃபிளாப் கன்சோலோடு சேர்த்துத்தான் ஞாபகம் வரும். அந்த ஃபிளாப்புக்குள்ள சில நல்ல கேம்களும் புதைஞ்சு போச்சு.

யோகோய் 1941-ல் ஜப்பானின் கியோட்டோவில் பிறந்தார். டோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் எதிலும் வேலை கிடைக்கவில்லை. ப்ளேஸ்மென்ட் டென்ஷன்ல இருக்கிறவங்க இதைக் கவனிங்க. 1965-ல் உள்ளூரிலேயே இருந்த நின்டெண்டோவில் சேர்ந்தார். அப்போ அது சீட்டுக்கட்டு கம்பெனி. சீட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பராமரிப்பதுதான் இவர் வேலை.

வேலை இல்லாத நேரத்தில், நீண்டு போய் பொருளைப் பிடிக்கும் ஒரு கை பொம்மையைச் செய்தார். கம்பெனித் தலைவர் யாமவுச்சி அதைப் பார்த்துட்டு, விற்பனைக்கே கொண்டுவரச் சொன்னார். 1966-ல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பேரில் வந்து 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

இவர் கொள்கை ரொம்ப சிம்பிள். புத்தம் புது டெக்னாலஜி பின்னாடி ஓடாதே. பழசாகி, விலை குறைஞ்சு, நல்லது கெட்டது எல்லாம் தெரிஞ்சுபோன ஒண்ணை எடுத்து, யாரும் நினைக்காத இடத்துல பயன்படுத்து. புல்லட் ரயிலில் ஒருத்தர் போரடித்துப் போய் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கால்குலேட்டர் திரையை வைத்தே 1980-ல் கேம் & வாட்ச் பிறந்தது. 1989-ல் கேம் பாய். கலர் கிடையாது, திரைக்குப் பின்னால் வெளிச்சமும் கிடையாது. போட்டிக்கு வந்த அட்டாரி லிங்க்ஸ், சேகா கேம் கியர் ரெண்டும் கலர். ஆனா 6 பேட்டரி போட்டும் சில மணி நேரத்துல தீர்ந்துடும். கேம் பாய் 4 பேட்டரியில் அதைவிடப் பல மடங்கு நேரம் ஓடியது. அடுத்து வந்த கலர் மாடலையும் சேர்த்து, விற்றது 11 கோடிக்கு மேல்.

வர்ச்சுவல் பாயும் அதே கொள்கைதான். விலை மலிவான சிவப்பு எல்இடி. ஒவ்வொரு கண்ணுக்கும் 224 எல்இடி ஒரே வரிசையில். எதிரே வேகமாக அசையும் கண்ணாடி, அந்த ஒரு கோட்டை முழுப் படமாக விரிக்கும். ரெண்டு கண்ணுக்கும் வேற வேற படம் போவதால் ஆழம் தெரியும். ஐடியா பிரமாதம். ஆனா மேஜையில் வைத்துக் குனிந்து, முகத்தை உள்ளே விட்டு விளையாடணும். பக்கத்துல இருக்கிறவனுக்கு எதுவும் தெரியாது. கண் வலி, தலைவலி வேற. 1995 ஜூலையில் வந்தது, ஒரு வருஷம்கூட தாங்கவில்லை. மொத்தமே 22 கேம்கள்.

அதுல வர்ச்சுவல் பாய் வாரியோ லேண்ட், யோகோய் தலைமையில் இருந்த டீமே செய்தது. வாரியோ முன்தளத்திலிருந்து பின்தளத்துக்குத் தாவுவான். தூரத்தில் ஆடும் முள் உருண்டை நம் முகத்துக்கு நேரே வரும். 3டி இங்கே அலங்காரம் இல்லை, விளையாட்டே அதுதான். டெலிரோபாக்சரில் ரெண்டு கைக்கும் தனித்தனி பிளஸ் பட்டன். ஆனா பாவம், வாரியோ ஜப்பானுக்கு வந்ததே 1995 டிசம்பரில். அந்த மாசத்தோடு அங்கே புதுக் கேம்கள் வருவதே நின்னுபோச்சு. வாங்க ஆள் எங்கே இருக்கும்?

தோல்விக்கு அப்புறம் யோகோய் முடங்கிடல. 2 சின்ன பேட்டரியில் ஓடும் கேம் பாய் பாக்கெட்டை 1996-ல் முடித்துக் கொடுத்துவிட்டு, ஆகஸ்டில் நின்டெண்டோவிலிருந்து விலகினார். கோட்டோ என்ற சொந்த கம்பெனி தொடங்கி, பண்டாய்க்காக வொண்டர்ஸ்வான் என்ற கையடக்க கன்சோலில் வேலை செய்தார். 1997 அக்டோபர் 4, நெடுஞ்சாலையில் ஒரு சின்ன விபத்து. பார்க்கலாம் என்று காரைவிட்டு இறங்கியவர் மேல் இன்னொரு கார் மோதியது. வயசு 56.

வொண்டர்ஸ்வான் 1999-ல் ஒரே ஒரு பேட்டரியில் ஓடியது. அதில் வந்த ஒரு பசில் கேமுக்கு அவர் நினைவாக கன்பெய் என்றே பேர் வைத்தார்கள். அடுத்த தடவை யாராவது மோசமான கன்சோல்கள்னு லிஸ்ட் போட்டு வர்ச்சுவல் பாயை முதல்ல வெச்சா, அதுக்குள்ள என்னென்ன கேம் இருந்துச்சுன்னு அவங்ககிட்ட கேளுங்க.