பெர்லினில் ஒரு நாஞ்சில் இல்லறம்

நமது நாஞ்சில்நாட்டு வேளாளர் குடியில் தோன்றிய ஸ்ரீ செண்பகராமன் பிள்ளையவர்களின் பெயரை அறியாத அங்கத்தினர் இரார். அவர் எம்டன் கப்பலில் வந்தாரா இல்லையா என்னும் வழக்கை இராஜாக்கமங்கலத்துத் திண்ணைகளிலும் நாம் கேட்டிருக்கிறோம். அவ்வழக்கை இங்கே எடுத்தோமில்லை. அவருடைய மனையறத்தைப் பற்றியே சில சொல்லப் புகுந்தோம். அதனை எடுத்துரைப்பார் மிகச் சிலர்.

பிள்ளையவர்கள் 1891-ல் திருவனந்தபுரத்தில் சின்னசாமிப் பிள்ளைக்கும் நாகம்மாளுக்கும் மகனாய்ப் பிறந்தார். 1908-ல், மீசை அரும்பும் பிராயத்தில், ஸ்டிரிக்லண்ட் என்னும் ஆங்கிலேயரோடு கப்பலேறினார். சூரிச் நகரில் பொறியியல் பயின்று, 1914-ல் பெர்லின் சேர்ந்து, ஆங்கு இந்திய விடுதலைக் குழுவில் உழைத்தார். 1915-ல் காபூலில் அமைந்த தற்காலிக அரசாங்கத்தில் அயல்நாட்டு மந்திரியாக விளங்கினார். யுத்தம் ஓய்ந்தபின்னும் பெர்லினே அவருக்கு ஊராயிற்று. பிறந்த மண்ணில் வாழ்வதற்கு அவர் மீளவேயில்லை.

அந்நகரிலேதான் மணிப்பூரைச் சேர்ந்த லக்ஷ்மிபாய் அம்மையாரைக் கண்டு மணந்தார். அப்போது பிள்ளையவர்களுக்கு வயது நாற்பதை எட்டியிருந்தது. ஒழுகினசேரியிலிருந்து பூதப்பாண்டிக்குப் பெண் கொடுக்கவே பன்முறை யோசிப்பவர் நம்மவர். இங்கோ, பாரதத்தின் தென்கோடியும் கீழ்க்கோடியும் ஜெர்மானிய தேசத்தில் ஒரு கூரையின்கீழ்க் கூடின. சாதகம் பார்ப்பாரில்லை; தாய்மாமன் முறை கேட்பாரில்லை; தாய்மொழியும் ஒன்றன்று. தேசத்தின் விடுதலை ஒன்றே இருவரையும் பிணைத்தது எனலாம்.

ஆனால் அவ்வில்லறத்திற்குக் காலம் இடங்கொடுக்கவில்லை. இந்தியரை இழித்துப் பேசிய ஹிட்லரைப் பிள்ளையவர்கள் வெளிப்படையாகக் கண்டித்திருந்தார். 1933-ல் நாஜிகள் ஆட்சியைப் பற்றினர். அவர்களுடைய பகை இச்சிறு குடும்பத்தைச் சூழ்ந்தது. 1934-ஆம் ஆண்டு மே மாதத்தில், நாற்பத்திரண்டு வயதில், பிள்ளையவர்கள் பெர்லினில் காலமானார். நஞ்சூட்டப்பட்டார் என்பாரும் உளர். மணவாழ்வு சில ஆண்டுகளே.

தம் சாம்பலில் ஒரு பகுதி, அன்னையின் சாம்பல் கரைந்த கரமனை ஆற்றில் சேரவேண்டும் என்பதும், எஞ்சியது நாஞ்சில் வயல்களில் தூவப்பட வேண்டும் என்பதும் அவருடைய விருப்பம். அம்மையார் 1935-ல் அச்சாம்பலைப் பம்பாய்க்குக் கொணர்ந்தார். அன்று இந்நாட்டை ஆண்டவர்கள் பிள்ளையவர்கள் வாழ்நாளெல்லாம் எதிர்த்த ஆங்கிலேயர். அம்மையார் காத்திருந்தார், ஓராண்டு ஈராண்டு அன்று, முப்பதாண்டுக்கு மேல்.

இங்கே நம் குலத்தைப் பற்றி ஒன்று சொல்லாதிருக்க மனம் ஒப்பவில்லை. 1926-ஆம் ஆண்டின் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வருமட்டும், மருமக்கள்வழியில், கணவனை இழந்த பெண்ணுக்கு அவன் குடும்பத்தில் உரிமை மிகக் குறைவு. அத்தகைய குலத்தில் பிறந்த ஒருவரின் கடைசி விருப்பத்தை, நம் வயல்களைக் கண்ணாலும் கண்டிராத வடகிழக்கு மங்கையொருத்தி நெஞ்சில் சுமந்திருந்தாள்.

1966 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் டில்லி என்னும் போர்க்கப்பல் அச்சாம்பலைக் கொச்சிக்குக் கொணர்ந்தது. அவர் விட்டுப்போன திருவிதாங்கூர் சமஸ்தானம் அதற்குள் மறைந்திருந்தது. நாஞ்சில்நாடு 1956-லேயே தமிழகத்தோடு இணைந்துவிட்டது. கரமனை ஆறு மட்டும் பழைய வழியே ஓடிக்கொண்டிருந்தது.