சாந்திவனத்துச் சந்நியாசியார்



பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பாயை விரித்துப் பத்மாசனம் போட்டு உட்காருகிறது. முதுகுவலிக்கு மருந்து கேட்கப் போன தகப்பனாரை, யோகாசனம் பழகும்படி வைத்தியர் சொல்லி அனுப்புகிறார். ஐக்கிய நாடுகள் சபை 2014-ம் ஆண்டில் ஜூன் 21-ந் தேதியை உலக யோகா தினமாக ஏற்படுத்தியது முதல் இந்தப் பேச்சு நுழையாத வீடில்லை. கிறிஸ்தவன் இதைச் செய்யலாமா, செய்தால் விசுவாசத்துக்குப் பங்கம் வருமா என்று நீங்கள் மனங்கலங்குவது நியாயமே. இதே கேள்வியை நெடுங்காலம் நெஞ்சில் சுமந்த குருவானவர் ஒருவர் காவேரிக் கரையிலே வாழ்ந்தார். அவருடைய சரித்திரத்தைக் கேளுங்கள்.

ஜூல் மொன்ஷானின் சுவாமியார் 1895-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி பிரான்சு தேசத்தில் ஃப்ளூரி என்னும் ஊரில் பிறந்தார். சரீரம் பலவீனமானது, புத்தியோ மிகக் கூர்மையானது. 1922-ல் லியோன் மேற்றிராசனத்துக்காகக் குருப்பட்டம் பெற்றார். மேற்படிப்பை முடித்திருந்தால் பெரிய சாஸ்திரியாக விளங்கியிருப்பார். அதை விட்டுவிட்டு, சுரங்கத் தொழிலாளிகள் வாழும் ஏழைப் பங்குக்குப் போனார். 1932-ல் கடும் வியாதியில் விழுந்து சாவின் வாசல் வரை சென்றபோது, பிழைத்தால் இந்தியாவுக்கே தம்மைக் கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்டார். பிழைத்தார், 1939-ல் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 44.

திருச்சிராப்பள்ளி மேற்றிராணியாராயிருந்த ஜேம்ஸ் மெந்தோன்சா ஆண்டகை அவரை ஏற்றுக்கொண்டார். சுமார் பத்து வருஷ காலம் கிராமங்களில் ஏழைகளோடு ஏழையாக அவர் ஊழியம் செய்தார். ஆயினும் ஜெபத்திலும் தவத்திலும் மூழ்கிய சந்நியாச ஜீவியம் இந்நாட்டு முறையிலே திருச்சபையில் வேரூன்ற வேண்டும் என்பதே அவருடைய ஆசை. 1948-ல் அர்ச். ஆசீர்வாதப்பர் சபைச் சந்நியாசியான ஹென்றி லெ சோ சுவாமியார் பிரான்சிலிருந்து வந்து அவரோடு சேர்ந்தார். 1950-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, அர்ச். ஆசீர்வாதப்பர் திருநாளன்று, குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் மாந்தோப்பு ஒன்றின் நடுவே இருவரும் ஆசிரமம் தொடங்கினார்கள். அதுவே சாந்திவனம். அர்ச்சியசிஷ்ட தமதிரித்துவத்தை மனதிற்கொண்டு அதற்குச் சச்சிதானந்த ஆசிரமம் என்று பேரிட்டார்கள். காவி உடுத்தி, குடிசையில் தங்கி, மரக்கறி உணவு கொண்டார்கள். மொன்ஷானின் சுவாமியார் இஸ்பிரீத்துசாந்துவின் பேரில் வைத்த பக்தியால் பரம அரூபி ஆனந்தம் என்னும் நாமத்தைத் தரித்தார்.

இவ்வளவு தூரம் இந்நாட்டை நேசித்தவர் யோகத்தைப் பற்றி என்ன நினைத்தார்?

முதலாவது, அதை இகழவில்லை. மனதை அடக்கவும், இச்சைகளை ஒடுக்கவும், மௌனத்தில் நிலைக்கவும் இந்து யோகிகள் பட்ட பாட்டை அவர் மரியாதையோடு படித்தார். இரண்டாவது, அதை வெறும் தேகப்பயிற்சி என்று எண்ணவுமில்லை. பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரங்கள் எட்டு அங்கங்களைக் கூறுகின்றன. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பவை அவை. நாம் காணும் ஆசனம் எட்டில் ஒன்றுதான். அந்நூலின்படி வழியின் முடிவு கைவல்யம். அதாவது ஆன்மா பிரகிருதியின் கட்டெல்லாம் அறுத்துத் தனித்து நிற்பது.

கீழ்த்திசைச் சந்நியாசிகள் பழகிய சேசு ஜெபத்தோடு இதை அவர் ஒப்பிட்டு எழுதினார். அவர்களும் தலைகுனிந்து அமர்ந்து, மூச்சை அமைதிப்படுத்தி, சேசுவின் திருநாமத்தை இடைவிடாமல் சொல்லுவார்கள். வெளிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இங்கே ஆத்துமம் தனித்து நிற்கத் தேடவில்லை; தன்னைச் சிநேகிக்கிற ஒருவரைத் தேடுகிறது. மூச்சும் இருக்கையும் உதவி மாத்திரமே. தேவ வரப்பிரசாதமே காரியத்தை முடிக்கிறது.

கடைசி வருஷங்களில் அவருடைய எச்சரிக்கை அதிகமாயிற்று. லெ சோ சுவாமியார் திருவண்ணாமலைக் குகைகளில் தங்கி அத்துவைத அநுபவத்தில் ஆழ்ந்தபோது, பிதாவும் சுதனும் இஸ்பிரீத்துசாந்துவுமாகிய சர்வேசுரனுடைய சிநேக உறவு அதிலே கரைந்துபோகுமோ என்று அவர் அஞ்சினார். ஒரே ஆசிரமத்தில் இருந்த இருவரும் ஒரே வழி செல்லவில்லை. அந்த வேதனையோடு வேறொன்றும் சேர்ந்தது. ஆசிரமத்தில் நிலைத்து நிற்க இந்நாட்டுச் சீஷர் ஒருவரும் இல்லை. 1957-ல் நோய் முற்றி, சிகிச்சைக்காகப் பாரீசுக்கு அனுப்பப்பட்டு, அக்டோபர் 10-ந் தேதி அங்கே மரித்தார். உலகத்தின் கணக்கில் அவர் தோற்றுப்போனவர். ஆனால் 1968-ல் பீட் கிரிஃபித்ஸ் சுவாமியார் சாந்திவனத்தை ஏற்றுக்கொண்டார். அங்கே ஜெபம் இன்றும் ஓயவில்லை.

பிற மதங்களிலுள்ள உண்மையும் பரிசுத்தமுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று வத்திக்கான் சங்கம் 1965-ல் அறிவித்தது. 1989-ல் ரோமாபுரியிலிருந்து வந்த நிருபமோ, இப்படிப்பட்ட தியான முறைகளில் நல்லதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கிறிஸ்தவ ஜெபத்தின் இயல்பு மறையக்கூடாது என்றும், சரீரத்தில் உண்டாகும் இதமான உணர்ச்சியை இஸ்பிரீத்துசாந்துவின் ஆறுதலென்று மயங்கக்கூடாது என்றும் போதித்தது. மொன்ஷானின் சுவாமியார் நின்றதும் இந்த நடுவழியில்தான்.

ஆகையால் பிரியமானவர்களே, தேக சுகத்துக்காக ஆசனம் பழகுகிறவரைக் குற்றவாளியாகப் பாராதீர்கள். வேறு தெய்வத்தைத் துதிக்கும் மந்திரம் வந்தால், தாழ்மையோடும் மரியாதையோடும் விலகிக்கொள்ளப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். அயல்வீட்டு இந்து சகோதரருக்கு அது பரிசுத்தமான மார்க்கம் என்பதை மறந்து, அதைப் பரிகாசம் பண்ணாதீர்கள்.

ஒன்று மட்டும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். யோகி விடியுமுன் எழுந்து அசையாமல் அமருகிறான். நாமோ ராத்திரி ஜெபமாலையை அடுப்பிலும் கடிகாரத்திலும் கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டமாய் ஓட்டி முடிக்கிறோம். நமக்காகக் காத்திருக்கிறவர் யாரென்று நமக்குத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உடனே எழுந்து போகாமல், திவ்விய நற்கருணைக்கு முன் பத்து நிமிஷம் குடும்பத்தோடு மௌனமாய் உட்கார்ந்து பாருங்கள். காவேரிக் கரையில் அந்தச் சந்நியாசியார் விதைத்த விதை உங்கள் வீட்டிலும் முளைக்கும்.