ஒரு சீன்கூட காட்டாத ட்ரெய்லர்: ‘சைக்கோ’வை ஹிட்ச்காக் விற்றது எப்படி?

ட்ரெய்லர்லயே பாதிக் கதையைச் சொல்லிடுறாங்கன்னு இப்போ நாம புலம்புறோம். 1960-ல் ஒருவர் இதற்கு நேரெதிராகச் செய்தார்.

யார் இவர்?

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். 1899-ல் லண்டனை ஒட்டிய லேட்டன்ஸ்டோனில் காய்கறிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். 15 வயதில் அப்பாவை இழந்தார். ஒரு கேபிள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே விளம்பரம் வரையும் பிரிவுக்கு மாறினார். பிறகு மௌனப் படங்களுக்கு டைட்டில் கார்டு டிசைன் செய்துதான் சினிமாவுக்குள் நுழைந்தார்.

‘சைக்கோ’வில் என்ன ரிஸ்க்?

பாரமவுன்ட் நிறுவனம் பணம் போடத் தயங்கியது. சுமார் 8 லட்சம் டாலர் பட்ஜெட்டை ஹிட்ச்காக்கே ஏற்றார். சம்பளத்தை விட்டுக்கொடுத்து, படத்தில் 60% பங்கு வாங்கினார். ஓடலைன்னா அடி அவருக்குத்தான்.

ட்ரெய்லரில் என்ன இருந்தது?

6 நிமிடத்துக்கும் மேல் ஓடும். படத்தின் காட்சி ஒன்றுகூட இல்லை. ஹிட்ச்காக்கே மோட்டலைச் சுற்றிக் காட்டுவார். முக்கியமான இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்குவார், ஒரு பெண் அலறுவார். அது ஹீரோயின் ஜேனட் லீ அல்ல, வேரா மைல்ஸ்!

போஸ்டரில் ஏன் வாட்ச்?

வாட்ச்சைக் காட்டி நிற்கும் ஹிட்ச்காக், படம் தொடங்கியபின் யாருக்கும் அனுமதி இல்லை என்றார். அப்போது அமெரிக்காவில் பாதிப் படத்தில் உள்ளே போவது சகஜம். ஆனால் இதில் ஹீரோயின் இடைவேளைக்கு முன்பே செத்துவிடுவார். லேட்டா வந்தா, கடைசிவரை அவரைத் தேட வேண்டியதுதான்!

விளைவு? தியேட்டர் வாசல்களில் நீண்ட க்யூ. அவரது கேரியரிலேயே பெரிய வசூல்.

1980-ல் ஹிட்ச்காக் மறைந்தார். அந்த ட்ரெய்லர் யூடியூபில் இருக்கு. படம் பார்க்காதவங்க, முதல்ல அதைப் பாருங்க.