தூசியிடம் தோற்ற பிரேக்

இப்போது ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரத்தை உற்றுப் பார்த்தால், உள்ளே பளபளவென்று ஓர் இரும்புத் தட்டு தெரியும். டிரைவர் பிரேக்கை மிதித்ததும், இடுக்கி போன்ற ஒரு கருவி அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். தட்டு நின்றால் சக்கரம் நிற்கும். சக்கரம் நின்றால் கார் நிற்கும். இதற்கு டிஸ்க் பிரேக் என்று பெயர்.

1902-ம் ஆண்டிலேயே இப்படி ஒரு பிரேக்குக்கு பேடண்ட் உரிமை வாங்கிவிட்டார் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் பிரெடரிக் லான்செஸ்டர். ஆனால் அந்த பிரேக் நன்றாக வேலை செய்யத் தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை. அரை நூற்றாண்டுக் காலம் அதைத் தடுத்து நிறுத்தியவற்றில் முக்கியமானது சாலைத் தூசி!

எட்டுக் குழந்தைகள்

லண்டனில் லூயிஷாம் என்ற பகுதியில் 1868-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி பிரெடரிக் பிறந்தார். தந்தை கட்டடங்களுக்கு வரைபடம் போடும் நிபுணர். வீட்டில் எட்டுக் குழந்தைகள். பிரெடரிக் நான்காவது பிள்ளை.

சவுத்தாம்ப்டனிலும் பிறகு லண்டனிலும் படித்தார். அறிவு நிறைய இருந்தது. ஆனால் பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார்.

பர்மிங்காம் நகரில், வாயுவால் ஓடும் எஞ்சின்களைச் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. சம்பளம் வாரம் 1 பவுன். வேலை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அவர் எதைக் கண்டுபிடித்தாலும் அது கம்பெனிக்கே சொந்தம் என்பது நிபந்தனை. இருபது வயதைத் தாண்டியிருந்த அந்த வாலிபர் பேனாவை எடுத்தார். அந்த வரியை அடித்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்! சிறிது காலத்திலேயே எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கும் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். அதற்காகக் கம்பெனி அவருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

அண்ணன் தம்பிகளின் கார்

1896-ம் ஆண்டு லான்செஸ்டர் செய்த முதல் கார் சாலையில் ஓடியது. அந்தக் காலத்தில் மற்றவர்கள் செய்த கார் என்பது பெரும்பாலும் எஞ்சின் வைத்த குதிரை வண்டிதான். லான்செஸ்டர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு உறுப்பையும் கார் என்ற புது வாகனத்துக்காகவே யோசித்துச் செய்தார். முதல் எஞ்சினுக்கு மேடு ஏறப் பலம் போதவில்லை. உடனே அதை மாற்றிப் பெரிய எஞ்சின் வைத்தார்.

1899-ம் ஆண்டு கம்பெனி தொடங்கினார்கள். தம்பி ஜார்ஜ் தொழிற்சாலையில் துணை நின்றார். சகோதரர் பிராங்க் விற்பனையைக் கவனித்தார். கம்பெனியில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு காரின் உறுப்பைக் கழற்றி இன்னொரு காரில் பூட்டினால் அப்படியே பொருந்தும். இன்று இது சாதாரண விஷயம். அன்று அராவி அராவித்தான் ஒவ்வொன்றையும் பொருத்துவார்கள்.

பின்சக்கரத்தில் ஒரு தட்டு

கார் வேகமாக ஓடத் தொடங்கியதும் நிறுத்துவது பெரும் பிரச்சினை ஆகிவிட்டது. சக்கரத்தின் டயர் மீது கட்டையை அழுத்தி நிறுத்தும் பழக்கம் மாட்டு வண்டி, குதிரை வண்டிக் காலத்தது. காருக்கு அது போதாது.

லான்செஸ்டர் 1902-ல் எழுதிக் கொடுத்த யோசனை இதுதான்: மெல்லிய உலோகத் தகட்டில் வட்டமாக ஒரு தட்டு செய்ய வேண்டும். அதைப் பின்சக்கரத்தோடு அசையாமல் பூட்ட வேண்டும். பிரேக் பிடித்தால் இரண்டு தாடைகள் அந்தத் தட்டின் விளிம்பைக் கவ்வ வேண்டும். சைக்கிள் சக்கரத்தின் வளையத்தை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டைகள் பிடிக்கின்றன அல்லவா? ஏறக்குறைய அதே முறைதான்.

யோசனையில் குறை சொல்ல முடியாது. தட்டு வெளியே காற்றில் சுழல்வதால் சூடு சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் தாடைக்கு என்ன உறை போடுவது? தோலும் மரமும் கருகிவிடும். ஆகவே அவர் செம்பைப் போட்டார்.

அங்கேதான் வந்தது தொல்லை. உலோகத்தோடு உலோகம் உரசியபோது காது கிழியும்படி கிரீச்சென்று சத்தம் எழுந்தது. அது போகட்டும். அன்றைய சாலைகளுக்குத் தார் கிடையாது. எங்கும் மண்ணும் சரளையும்தான். முன்சக்கரங்கள் கிளப்பும் புழுதி முழுவதும் பின்னால் வந்து படியும். செம்புக்கும் தட்டுக்கும் நடுவே புகுந்த மணல், உப்புத்தாள் போல் தேய்த்தது. செம்பு உறை சீக்கிரமே தேய்ந்து தீர்ந்துவிட்டது.

அதே 1902-ல் பிரான்சில் லூயி ரெனோ என்பவர் டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். அதில் உறைகள் ஓர் இரும்புக் குடுவைக்குள்ளே ஒளிந்திருக்கும். தூசி எளிதில் புகாது. உலகம் குடுவையின் பக்கம் சாய்ந்தது. சில ஆண்டுகளில் ஹெர்பர்ட் புரூட் என்ற ஆங்கிலேயர் கல்நாரைக் கொண்டு பிரேக் உறை செய்தார். சத்தம் அடங்கியது. (கல்நாரின் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பது பிற்பாடு தெரிந்தது. இன்று பல நாடுகளில் அதற்குத் தடை உண்டு.) என்றாலும் தட்டு பிரேக்கை அப்போது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

புகழ் உண்டு, பணம் இல்லை

கார்களுக்குக் கிராக்கி இருந்தும் கையில் முதல் இல்லாமல் 1904-ல் கம்பெனி கடனில் மூழ்கியது. மறுபடி எழுந்தபோது அதிகாரம் முதல் போட்டவர்களிடம் போயிற்று. லான்செஸ்டர் கார்களை இந்திய மகாராஜாக்கள் விரும்பி வாங்கினார்கள். கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி, நவாநகர் அரசராக இருந்தபோது இந்தக் கார்களை வைத்திருந்தார். ஆனால் காரை உருவாக்கியவர் பணக்காரர் ஆகவில்லை. சில ஆண்டுகளில் தன் பெயர் கொண்ட கம்பெனியை விட்டே விலகினார்.

அவர் மூளை ஓயவில்லை. எஞ்சினின் அதிர்வை அடக்கும் கருவிகளைக் கண்டுபிடித்தார். விமானம் ஏன் காற்றில் நிற்கிறது என்று 1907-லும் 1908-லும் இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். 1922-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்று மரியாதை செய்தது. நன்றாகப் பாடுவார். புனைபெயரில் கவிதையும் எழுதினார். 1919-ல், ஐம்பது வயதில், டோரதியா என்ற பாதிரியார் மகளை மணந்தார். குழந்தைகள் இல்லை.

கடைசிக் காலம் துயரமானது. சொந்தமாகத் தொடங்கிய ஆராய்ச்சிக் கம்பெனி 1934-ல் மூடப்பட்டது. நடுக்குவாத நோய் வந்தது. கண் பார்வையும் போயிற்று. பிறர் செய்த உதவியால்தான் சொந்த வீட்டிலேயே தங்க முடிந்தது. டோரதியா அருகில் இருந்து கவனித்துக் கொண்டார். 1946-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி பர்மிங்காமில் லான்செஸ்டர் காலமானார்.

ஏழு ஆண்டு கழித்து...

பிரான்சில் லெ மான் என்ற ஊரில் இரவு பகலாக 24 மணி நேரம் கார்ப் பந்தயம் நடக்கும். 1953-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜாகுவார் கம்பெனியின் சி-டைப் ஸ்போர்ட்ஸ் கார்கள் அதில் இறங்கின. அவற்றில் டன்லப் கம்பெனி செய்த டிஸ்க் பிரேக்குகள் இருந்தன. டன்லப் அவற்றை முதலில் விமானங்களுக்காக உருவாக்கியிருந்தது.

நேரம் ஆக ஆக, மற்றக் கார்களின் குடுவை பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பு இழந்தன. அதனால் வளைவுக்கு வெகு முன்பே அவர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜாகுவார் டிரைவர்களோ வளைவின் அருகே வரும் வரை முழு வேகத்தில் போனார்கள். டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் ஓட்டிய கார் முதலில் வந்தது. மணிக்குச் சராசரி வேகம் 105 மைலுக்கு மேல்! அந்தப் பந்தயத்தில் சராசரி வேகம் 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் தடவை. இரண்டாவது, நான்காவது இடங்களும் ஜாகுவாருக்கே கிடைத்தன. லான்செஸ்டரின் தட்டு வென்றுவிட்டது.

தூசி மட்டும் எங்கும் போகவில்லை. அதனால்தான் இன்றும் பல கார்களில் தட்டுக்கு உள்பக்கம் மெல்லிய தகடு ஒன்றை வளைத்துப் பூட்டியிருக்கிறார்கள். இதுதான் தூசித் தடுப்புத் தகடு. சேறும் சரளையும் தட்டில் அடிக்காமல் இது காக்கும்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சிலர் இந்தத் தகட்டை வெட்டி மாற்றுகிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. பெரிய பிரேக் தட்டு மாட்டினால் தகட்டின் விளிம்பில் இடிக்கும். தகடு மறைப்பதால் காற்றும் குறைவாகத்தான் படும்; பந்தயத்தில் சூடு ஏறிவிடும். முன்சக்கரத்தில் சிலர் தகட்டையே கழற்றி விடுவார்கள். பின்சக்கரத்தில் அப்படிச் செய்ய எப்போதும் முடியாது. பல கார்களில் கைப்பிரேக்கின் உறைகள் அந்தத் தகட்டிலேயே பூட்டப்பட்டிருக்கும். தகட்டை எடுத்தால் கைப்பிரேக்கும் போய்விடும். ஆகவே நடுப்பகுதியைத் தொடாமல், வெளி விளிம்பை மட்டும் அளந்து வெட்டி, ராவி, துரு ஏறாமல் வர்ணம் பூசுவார்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றி, எங்காவது உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். பந்தயத் திடலில் ஓடும் காருக்கு இது சரி. மண் சாலையில் ஓடும் காரில் இந்தத் தகட்டைத் தொடாமல் விடுவதே நல்லது.