பாசறையில் கற்ற பாடம்

பதினைந்தாம் அகவையில் விவேகானந்தரின் நூல்களைப் படித்தது முதல், தம் மனத்தைத் தாமே ஆளவேண்டும் என்னும் வேட்கை சுபாஷ் சந்திரபோஸைப் பற்றிக்கொண்டது. கட்டாக் நகரின் வளமான வழக்கறிஞர் இல்லத்தில் 1897இல் பிறந்த அவர், பள்ளிப் பருவத்திலேயே யோகம் பயின்றார். 1914ஆம் ஆண்டுக் கோடையில் வீட்டாருக்குத் தெரிவிக்காமல் ரிஷிகேசம், அரித்துவாரம், காசி எனக் குருவைத் தேடி அலைந்தார். தேடிய குரு கிடைக்கவில்லை. புண்ணியத் தலங்களிலும் சாதி வேற்றுமையைக் கண்டு மனம் சோர்ந்து திரும்பினார்.

இந்திய மாணவர்களை இழிவாக நடத்திய ஆங்கிலப் பேராசிரியர் தாக்கப்பட்ட நிகழ்வையொட்டி, 1916இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். மறு ஆண்டு ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் இடம் கிடைத்தது. அது முதல் உலகப்போர்க் காலம். வங்காளப் படையில் சேர முயன்ற அவரைக் கண்பார்வைக் குறைவு காட்டித் திருப்பி அனுப்பினர். மனம் தளராமல், பல்கலைக்கழக மாணவர்களுக்கான படைப்பிரிவில் சேர்ந்தார்.

அப்படையின் பாசறை வில்லியம் கோட்டைக்கு அருகே மைதானத்தில் அமைந்தது. ஏடும் எழுத்துகோலும் மட்டுமே பழகிய இளைஞர்கள் கூடாரங்களில் தங்கினர். கட்டளைக்கேற்ப அடியெடுத்து வைத்தனர். குறிபார்த்துச் சுடப் பழகினர். இந்தியர் எளிதில் நுழைய இயலாத அக்கோட்டைக்குள் துப்பாக்கி பெறுவதற்காக அணிவகுத்துச் சென்றபோது, நமக்குரியதை மீட்கச் செல்வதுபோன்ற பெருமிதம் அவருள் எழுந்தது. அணிந்திருந்ததோ அந்நிய அரசின் சீருடை! ஆயினும் இமயத்தின் அடிவாரத்தில் கிட்டாத மனவலிமை அவருக்கு அங்கே கிட்டியது. தனித்திருந்து தவம் செய்ய விரும்பியவர், பலரோடு ஒன்றாய் இயங்குவதும் ஒரு தவமே என உணர்ந்தார்.

1920இல் இந்தியக் குடிமைப்பணித் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். மறு ஆண்டே அப்பணியைத் துறந்தார். 1928இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் சீருடைத் தொண்டர்களை வழிநடத்தினார். அந்த மிடுக்கு காந்தியடிகளுக்கு உவப்பாக இல்லை. அதில் ஆரவாரம் சற்று மிகுதிதான்.

அம்மிடுக்கின் உண்மையான சோதனை பின்னரே வந்தது. 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் அப்படையில் சேர்ந்தனர். பெண்களுக்கென ஜான்சிராணிப் படையும் உருவாயிற்று. 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் மட்டுமே பயணம் செய்தனர். ஊர்திகள் போதாமற்போகவே, நாற்பத்தெட்டு வயதான தலைவரும் அப்பெண்களோடு நடந்தார். வழியில் ஓரிடத்தில் காலணிகளைக் கழற்றியபோது, அவர்தம் பாதங்கள் முழுவதும் கொப்புளங்களாய் இருந்தன.