ஜெஃப்ரி சாசர்

ஜெஃப்ரி சாசர் (ஏறத்தாழ 1343 – அக்டோபர் 25, 1400) நடுக்கால இங்கிலாந்தைச் சேர்ந்த கவிஞரும் அரசு அலுவலரும் ஆவார். கேன்டர்பரி கதைகள், திராய்லசும் கிரிசெய்டும் ஆகியன இவருடைய முதன்மையான ஆக்கங்கள். இங்கிலாந்தின் அரசவையிலும் கல்விக்கூடங்களிலும் பிரெஞ்சும் இலத்தீனும் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில், இவர் ஆங்கிலத்திலேயே தம் பெருநூல்களை இயற்றினார். ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப் போற்றப்படும் இவரை ஒவ்வொரு காலத்தவரும் வெவ்வேறு விதமாக மதிப்பிட்டு வந்துள்ளனர்.

வாழ்க்கை

சாசர் இலண்டனில் திராட்சை மது வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1357 ஆம் ஆண்டுக் கணக்கேடு ஒன்றில், அல்ஸ்டர் சீமாட்டி எலிசபெத்தின் இல்லத்தில் பணியாற்றியவராக இவரது பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறது. நூறாண்டுப் போரின்போது பிரான்சில் சிறைப்பட்ட இவரை மீட்க, 1360 இல் மூன்றாம் எட்வர்டு மன்னர் 16 பவுண்டு அளித்தார். 1372-73 இலும் 1378 இலும் அரசுப் பணியாக இத்தாலிக்குச் சென்றார். தாந்தே, பெட்ரார்க், பொக்காச்சியோ ஆகியோரின் தாக்கம் இவரது பிற்கால ஆக்கங்களில் தெளிவாகத் தெரிகிறது.

1374 முதல் 1386 வரை இலண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கத்தைக் கண்காணிக்கும் அலுவலராக இருந்தார். 1386 இல் கென்ட் பகுதியின் சார்பில் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். 1389 முதல் 1391 வரை அரசுக் கட்டடப் பணிகளை மேற்பார்வையிட்டார். இறந்தபின் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இப்பெருமை இவருக்குக் கவிஞர் என்பதால் கிடைத்ததன்று. அரசுப் பணியும் மடாலய வளாகத்தில் குடியிருந்தமையுமே காரணங்களாகக் கருதப்படுகின்றன. 1556 இல் இவருக்குப் புதிய கல்லறை எழுப்பப்பட்டது. 1599 இல் எட்மண்ட் ஸ்பென்சர் அதனருகே புதைக்கப்பட்டார். பின்னர் அப்பகுதி கவிஞர் மூலை எனப் பெயர் பெற்றது.

தொடக்ககால வரவேற்பு

சாசர் வாழ்ந்த காலத்திலேயே பிரெஞ்சுக் கவிஞர் யூஸ்தாஷ் தேஷாம் அவரைச் சிறந்த மொழிபெயர்ப்பாளராகப் பாராட்டிப் பாடினார். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த தாமஸ் ஹாக்லீவ், ஜான் லிட்கேட் ஆகியோர் அவரைத் தம் ஆசானாகக் கொண்டனர். ஆங்கிலத்துக்குச் சொல்வளமும் அணிநயமும் சேர்த்தவர் என்பதே அவர்களது புகழ்ச்சியின் சாரம். இன்றைய வாசகர்கள் விரும்பும் நகைச்சுவையும் மாந்தர் சித்திரிப்பும் அவர்களது பாராட்டில் பெரிதும் இடம்பெறவில்லை.

அச்சும் சமயச் சீர்திருத்தமும்

வில்லியம் காக்ஸ்டன் 1476-77 அளவில் கேன்டர்பரி கதைகளை அச்சிட்டார். அப்பதிப்பு மூலத்திலிருந்து மாறுபட்டுள்ளது என வாசகர் ஒருவர் குறை கூறியதால், வேறொரு கையெழுத்துப்படியின் துணையுடன் 1483 அளவில் திருத்திய பதிப்பை வெளியிட்டார். 1532 இல் வில்லியம் தின் தொகுப்பு நூலைக் கொணர்ந்தார். அதன் 1542 ஆம் ஆண்டுப் பதிப்பில், திருச்சபையைக் கடுமையாகத் தாக்கும் உழவன் கதை சேர்க்கப்பட்டது. இது சாசர் எழுதியதன்று. எனினும் இத்தகைய இடைச்செருகல்களைக் கொண்டு, சீர்திருத்த சபையினர் அவரைத் தம் முன்னோடியாகக் கண்டனர். சமய நூல்களைக் கட்டுப்படுத்திய 1543 ஆம் ஆண்டுச் சட்டம் சாசரின் நூல்களுக்கு விலக்கு அளித்தது.

யாப்புப் பற்றிய மயக்கம்

15 ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கில உயிரொலிகள் பெருமளவில் மாறின. சொல்லின் ஈற்றில் ஒலிக்கப்பட்ட எகரமும் மறைந்தது. இதனால் சாசரின் அடிகள் அசை குறைந்து சீர் கெட்டவையாகத் தோன்றின. 1700 இல் அவருடைய கதைகள் சிலவற்றைத் தம் கால ஆங்கிலத்தில் மாற்றியமைத்த ஜான் டிரைடன், அவரை ஹோமருக்கு இணையாக மதித்தார். ஆயினும் அவரது யாப்பு செம்மையற்றது என்றே கருதினார். 1775 இல் தாமஸ் டிர்விட் தமது பதிப்பில், ஈற்று எகரத்தை ஒலித்துப் படித்தால் அடிகள் ஒழுங்காக அமைவதை விளக்கினார். குறை கவிஞரிடம் இல்லை, மறக்கப்பட்ட ஒலிப்பில்தான் இருந்தது என்பது இதனால் புலனாயிற்று.

19, 20 ஆம் நூற்றாண்டுகள்

1868 இல் பிரெடரிக் பர்னிவால் சாசர் கழகத்தை நிறுவிக் கையெழுத்துப்படிகளை வெளியிட்டார். வால்ட்டர் ஸ்கீட்டின் பெரும்பதிப்பு 1894 இல் தொடங்கியது. 1896 இல் வில்லியம் மாரிஸ் 87 ஓவியங்களுடன் அழகிய பதிப்பொன்றை அச்சிட்டார். மாறாக, மாத்யூ ஆர்னால்டு 1880 இல் எழுதிய கட்டுரையில், சாசரிடம் உயர்ந்த வாழ்வியல் தீவிரம் இல்லை எனக் கூறி, முதல்நிலைப் பெருங்கவிஞர் வரிசையில் அவரைச் சேர்க்க மறுத்தார்.

20 ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் கிட்ரெட்ஜ் கேன்டர்பரி கதைகளை நாடகமாக நோக்கினார். டொனால்ட்சன் 1954 இல், கதையில் வரும் சாசரும் நூலாசிரியரும் ஒருவரல்லர் என்று வாதிட்டார். இராபர்ட்சன் 1962 இல் கிறித்தவ மறைபொருள் விளக்கத்தை முன்வைத்தார். பின்னர் பெண்ணிய நோக்கிலான ஆய்வுகள் வளர்ந்தன. மடத்தலைவியின் கதையில் உள்ள யூத வெறுப்பும் விவாதப்பொருளானது.

செசிலி சம்பெய்ன் ஆவணம்

1380 இல் செசிலி சம்பெய்ன் என்ற பெண் சாசரை வழக்குகளிலிருந்து விடுவித்த ஆவணத்தைப் பர்னிவால் 1873 இல் வெளிக்கொணர்ந்தார். அதிலுள்ள இலத்தீன் சொல் வன்புணர்வையும் கடத்தலையும் குறிக்கக்கூடியது. ஆகவே சாசர் குற்றவாளியா என்ற கேள்வி நூறாண்டுகளுக்கு மேலாக நீடித்தது. யூவன் ராஜர், செபாஸ்டியன் சோபெக்கி ஆகியோர் 2022 இல் புதிய ஆவணங்களை வெளியிட்டனர். தாமஸ் ஸ்டாண்டன் என்பவர் தொழிலாளர் சட்டத்தின்கீழ்த் தொடுத்த வழக்கில், சாசரும் செசிலியும் ஒரே தரப்பில் பிரதிவாதிகளாக இருந்ததை அவை காட்டின. எனவே அச்சொல், செசிலி ஸ்டாண்டனின் பணியை விட்டு நீங்கியதையே குறித்திருக்கலாம் என அவர்கள் கருதினர். எனினும், சாசரின் ஆக்கங்களில் பெண்கள் மீதான வன்முறை இடம்பெறும் விதம் பற்றிய கேள்விகள் ஓர் ஆவணத்தால் முடிவுறுவதில்லை எனப் பெண்ணிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

தற்காலத் தழுவல்கள்

நெவில் காக்ஹில்லின் தற்கால ஆங்கில வடிவம் (1951) கேன்டர்பரி கதைகளைப் பொது வாசகரிடம் கொண்டு சேர்த்தது. 1972 இல் இத்தாலிய இயக்குநர் பசோலினி இந்நூலைத் திரைப்படமாக்கினார். பேஷன்ஸ் அக்பாபி 2014 இலும் சேடி ஸ்மித் 2021 இலும் சாசரின் கதைகளைப் பல இன மக்கள் வாழும் இன்றைய பிரித்தானியப் பின்னணியில் மறுபடைப்புச் செய்தனர்.