இருதயத்துக்கு மாற்றுப் பாதை போட்ட டாக்டர்

அர்ஜென்டினா நாட்டில் லா பிளாட்டா என்று ஒரு நகரம் உண்டு. அங்கே 1923-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி ரெனே பவலோரோ பிறந்தார். தகப்பனார் தச்சர். தாயார் துணி தைப்பவர்.

ரெனே 1949-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் நிலை. ஆனால், ஆளும் கட்சியை ஆதரிப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். வேலையும் கிடைக்கவில்லை!

கிராமத்து டாக்டர்

1950-ல் ஹசிந்தோ அராஸ் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே இருந்த டாக்டருக்கு உடல்நலம் சரியில்லை. அவருக்குப் பதிலாகச் சில மாதம் இருக்கப் போனவர், 12 ஆண்டுகள் தங்கிவிட்டார். டாக்டரான தம்பியும் வந்து சேர்ந்தார்.

இருவரும் ஆபரேஷன் அறை அமைத்தார்கள். நர்சுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவசரத்துக்கு ரத்தம் கொடுக்க ஊர் மக்களையே தயார் செய்து வைத்தார்கள்.

மீண்டும் மாணவர்

1962-ல் பவலோரோ அமெரிக்காவில் உள்ள கிளீவ்லண்டு நகருக்குப் போனார். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. ஆனாலும் மாணவரைப்போல் கற்றார். அங்கே டாக்டர் சோன்ஸ் என்பவர், இருதய ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். வேலை முடிந்தபின் பவலோரோ அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கே அடைப்பு என்று அவை காட்டின.

வாய்க்காலில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால், பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம் அல்லவா? இருதயத்துக்கும் அப்படிச் செய்தால் என்ன?

1967 மே மாதம், 51 வயதுப் பெண் ஒருவருக்கு அவர் ஆபரேஷன் செய்தார். காலிலிருந்து ரத்தக் குழாய் ஒன்றை எடுத்தார். இருதயக் குழாயில் அடைபட்ட பகுதியை நீக்கி, அந்த இடத்தில் அதை வைத்துத் தைத்தார். பிறகு இன்னும் சுலபமான வழி கண்டார். அடைப்பை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அப்பால் ரத்தம் போகும்படி புதுக் குழாயை இணைத்தார். இதுவே 'பைபாஸ்'!

எத்தனை வழிகள்?

இவருக்கு முன்பே முயன்றவர்கள் உண்டு. 1964-ல் ரஷியாவின் லெனின்கிராடு நகரில் டாக்டர் கொலேசோவ், மார்பின் உள்பக்கம் உள்ள ரத்தக் குழாயை இருதயத்தோடு இணைத்தார். இருதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்தார்!

கால் குழாயை எடுப்பது சுலபம். நீளமும் கிடைக்கும். ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்ல அடைபடக் கூடும். மார்புக் குழாய் நீண்ட காலம் உழைக்கும். 1986-ல் கிளீவ்லண்டு டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதைக் காட்டியது. இன்று பலருக்கு இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

வழக்கமாக, இருதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்து ஆபரேஷன் செய்வார்கள். இயந்திரம் இல்லாமல், துடிக்கும் இருதயத்திலேயே செய்யும் முறையும் உண்டு. எது ஏற்றது என்பதை நோயாளியின் உடல்நிலையைப் பார்த்து டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.

தாய்நாட்டுக்கே திரும்பினார்

அமெரிக்காவில் பணமும் புகழும் காத்திருந்தன. பவலோரோவோ 1971-ல் அர்ஜென்டினாவுக்குத் திரும்பினார். 1975-ல் தம் பெயரில் ஓர் அறநிலையம் நிறுவினார். நூற்றுக்கணக்கான டாக்டர்களுக்குப் பயிற்சி அளித்தார். பணம் இல்லை என்று ஏழைகளைத் திருப்பி அனுப்பவில்லை.

நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தது. அறநிலையத்துக்குப் பணம் தரவேண்டியவர்கள் தரவில்லை. கடன் ஏறியது. உதவி கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பலன் இல்லை. மனம் உடைந்த பவலோரோ, 2000 ஜூலை 29-ந் தேதி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எத்தனையோ இருதயங்களைக் காத்தவரின் இருதயத்தில் இருந்த பாரத்தை யாரும் இறக்கி வைக்கவில்லை.

தம்முடைய சாம்பலை எங்கே தூவ வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார். பெரிய நகரம் எதையும் அவர் கேட்கவில்லை. 12 ஆண்டுகள் வைத்தியம் பார்த்த ஹசிந்தோ அராஸ் ஊரின் அருகிலேயே தூவும்படி கேட்டிருந்தார்.